இருபத்திரண்டு மணல் மூட்டைகள்

1

தர்சினி, கபிலன், இது உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுவது. ஒரு பிரதி முல்லைத்தீவில் இருக்கும் அத்தையின் பிள்ளைகளுக்கும் போகும். இந்தியாவில் மாமா எப்படி இருக்கிறார் என்று அவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்றீர்கள். வீட்டுக்காரர் வரதண்ணன் மோட்டார் போட வந்தார். கபிலன் அக்காவின் காதில், "மூட்டை வருது பாரு" என்றான். தர்சினி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் வாசலில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்கே கேட்டது என்றால் அவருக்கும் கேட்டிருக்கும். அவர் சுவிட்சைப் போட்டார், வலது கைக் கட்டைவிரலைச் சட்டையில் ஒருமுறை துடைத்தார், போய்விட்டார். அந்த விரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

இந்த லைன் வீட்டில் எட்டுக் குடித்தனத்துக்கும் அந்தப் பட்டப்பெயர் ஒரு வருடமாகப் பழக்கம். போன வருட மழையில் ஏரியின் கலங்கலை மணல் மூட்டை வைத்து அடைத்து, வாடகைக்கு இருந்தவர்களின் வீட்டுக்குள் தண்ணீர் விட்டவர் அவர்தான் என்று சொல்வார்கள். நீங்களும் அப்படித்தான் நம்புகிறீர்கள். நான் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன்.

2

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும்.

அகதி முகாமுக்கு வெளியே தங்கி வேலை செய்ய எனக்கு அனுமதி கிடைத்தபோது ஒரகடத்தில் உதிரிபாகக் கிடங்கில் வேலை இருந்தது. வீடுதான் இல்லை. சுங்குவார்சத்திரத்தில் தொடங்கி வடக்குப்பட்டு வரைக்கும் ஆறு வீட்டுக்காரர்களைப் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டதும் முதல் கேள்வி, கேரளாவா என்பது. இலங்கை என்று சொன்னதும் முகம் மாறும். ஒருவருக்கு மச்சான் குடிவருகிறான். ஒருவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். ஒருவர் வீட்டு வாசலில் வாடகைக்கு என்று எழுதித் தொங்கிய அட்டையை என் கண் முன்னாலேயே கழற்றினார்.

ஏழாவது ஆள் வரதண்ணன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. என் அடையாள அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று நகல் கேட்டார். யார் யார் வந்துபோவார்கள், எத்தனை மணிக்கு விளக்கை அணைப்போம் என்றெல்லாம் கேட்டார். நானும் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் கேட்டு முடித்த பிறகு அவராகவே, "வெளியில தங்கணும்னா வூட்டுக்காரன் லெட்டர் குடுக்கணுமாமே, அத்த யார் எழுதுவா?" என்றார். எனக்கு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றிருந்த விஷயம் அது.

இந்தக் குடும்பம் என் வீட்டில்தான் குடியிருக்கிறது என்று அவர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அதை நான் முகாம் அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டினால் இன்னொரு வருடம். காட்டாவிட்டால் முகாமுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். தர்சினியின் கல்லூரி, கபிலனின் பள்ளிக்கூடம், என் வேலை எல்லாம் அந்த ஒரு தாளை நம்பித்தான் இருக்கின்றன.

நான் சந்தேகப் பிராணி என்று உங்கள் அம்மா சொல்வாள். சரிதான். நம் ஆவணங்களை மூன்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மூடி இறுகிய வாளிக்குள் அடைத்துப் பரண் மேல் வைத்திருப்பதைப் பார்த்து நீங்களும் சிரிப்பீர்கள். "கவலைப்படாதீங்க, எல்லாம் முடிஞ்சுது" என்று யாராவது சொன்னால் நான் அந்த வாளி மூடியை இன்னொருமுறை இறுக்கிப் பார்ப்பேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தைக்குப் பிறகுதான் பெரிய பெரிய வில்லங்கங்கள் ஆரம்பித்திருக்கின்றன. நீங்கள் இரண்டு பேரும் அறைக்குள் குசுகுசுவென்று கதைத்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். வெளியில் நண்பர்களோடு நிற்கும்போது "இன்னா மச்சி, எங்க கீற" என்று கேட்கிற பிள்ளை, நான் கிட்ட வந்ததும் வாயை மூடிக்கொள்கிறான். தர்சினி ஒருநாள் பஸ்ஸில், "அப்பா, சத்தமா ஓம் ஓம்னு சொல்லாதீங்க, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க" என்றாள். அன்றிலிருந்து பஸ்ஸில் ஆமாம் என்பதற்கு நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். ஆனால் நான் எப்போதும் ஒரு காதைத் தீட்டி வைத்துக்கொண்டே இருந்தவன் என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

போன வருடம் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணமும் சேர்ந்தது. லைன் வீட்டை இடித்துவிட்டு, கம்பெனிப் பெண்பிள்ளைகளுக்கு மூன்று மாடி ஹாஸ்டல் கட்ட வரதண்ணன் யோசிக்கிறார் என்று பேச்சு வந்தது. வாசலில் எம்-சாண்ட் மணல் ஒரு லோடு வந்து இறங்கியது. ஓரமாகக் காலி சிமெண்டுக் கோணிகளை அடுக்கி வைத்தார். மூன்றாம் வீட்டு அமலாக்கா, திண்டுக்கல் பக்கத்தவர், கேட்டுப் பார்த்தார். "இப்ப இல்லம்மா, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாராம். அந்தப் "பாக்கலாம்" எட்டு வீட்டிலும் யாரையும் சும்மா இருக்க விடவில்லை.

3

புயல் வருகிறது என்று செய்தி வந்தபோது நான் கடற்கரைக்காரன் புத்தியோடு வேலையில் இறங்கினேன்.

எனக்கு ஏழெட்டு வயதில் எங்கள் ஊரில் ஒரு புயல் அடித்தது. கிழக்கே இருந்து அடித்த காற்று சட்டென்று நின்றது. ஒரு இலை அசையவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆட்கள் மீன் வாடிக் குடிசைகளைப் பார்க்கக் கடற்கரைக்கு ஓடினார்கள். என் சித்தப்பாவும் போனார். அதன் பிறகு மேற்கிலிருந்து திருப்பி அடித்தது பாருங்கள், போனவர்களில் சிலர் திரும்பவில்லை. சித்தப்பா மூன்றாம் நாள் பனங்காட்டுக்குள் கிடந்தார். அப்போதிருந்து அமைதி என்றால் எனக்குப் பயம்.

புயலுக்கு முந்தின நாள் வேலை விட்டு வந்ததும் வரதண்ணனிடம் மணல் கேட்டேன். கோணியில் நிரப்பி வாசலில் சுவர் மாதிரி அடுக்கப் போகிறேன் என்றேன். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா சிலோன்காரரே, கோட்டை கட்றியா? கடலு மாமல்லபுரத்தாண்ட கீது. அங்கருந்து இங்க வர்றதுக்குள்ள அதுக்கே மூச்சு வாங்கும்."

மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் மணலைத் தந்தார். மழை விட்டதும் திருப்பிக் கொட்டிவிட வேண்டும் என்றார். இருபத்திரண்டு மூட்டை கட்டினேன். வாயை நைலான் கயிற்றால் கட்டினேன், தோணியைக் கட்டுவதற்கு எங்கள் ஊரில் போடுகிற முடிச்சில். நனைந்தால் இன்னும் இறுகும், கையால் அவிழ்க்க முடியாது. எல்லாவற்றையும் கிழக்குப் பக்கமாக அடுக்கினேன். கடல் அந்தப் பக்கம்தானே.

4

புயல் தெற்கே எங்கோ கரையைக் கடந்தது. நமக்கு இரவு கொஞ்சம் காற்று, கொஞ்சம் தூறல், அவ்வளவுதான். காலையில் போனில் செய்தி வந்து கிடந்தது: கரையைக் கடந்த புயல் வலுவிழந்து உள்நாட்டில் மேற்கு நோக்கி நகர்கிறது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். கம்பெனிகளில் முதல் ஷிப்ட் வழக்கம்போல என்றார்கள், பஸ்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. எனக்கு அன்று வார ஓய்வு.

கபிலன் போனைக் காட்டினான். "மேப்ல பாருப்பா. புயலே இல்ல இப்ப. வெறும் தாழ்வு மண்டலம். உன் கோட்டையைப் பிரிச்சிடு."

நான் பிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு மழை தொடங்கியது. எங்கள் ஊரில் புயல் மழை சாய்ந்து வந்து முகத்தில் அடிக்கும். இது காற்றே இல்லாமல் நேராக இறங்கியது. கொஞ்சம்கூட நகராமல் ஒரே இடத்தில் நின்று கொட்டியது. வலுவிழந்தது என்று சொன்ன ஒன்று இப்படிக் கொட்டுமா? யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

ஏழு மணி இருக்கும். வரதண்ணன் கோணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கடப்பாரையும் அரிவாளும் எடுத்துக்கொண்டு தனியாக ஏரிப் பக்கம் போனார். அந்த மழையில் ஒரு மனிதனுக்கு ஏரியில் என்ன வேலை? நான் இருபது முப்பது அடி விட்டுப் பின்னாலேயே போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏரிக்கரை முடிகிற இடத்தில் கருங்கல் சுவர் ஒன்று உண்டு. அதுவரை நான் அதைக் கிட்டப்போய்ப் பார்த்ததில்லை. சுவர் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அடியில் ஒரு மேடை, அதன் மேல் இடுப்பளவு கற்கள் வரிசையாக நட்டிருந்தன. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. நான் புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். அவர் அந்த இடைவெளிகளில் கடப்பாரையை விட்டு நெம்பினார், எதையோ பிடுங்கிப் பிடுங்கித் தூர எறிந்தார். ஒவ்வொரு நெம்பலுக்கும் தண்ணீர் கூடச் சீறியது. சுவருக்கு வெளியே இருக்கும் கால்வாயில் நுரைத்துக்கொண்டு ஓடியது. அந்தக் கால்வாய் நம் தெரு முனையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

கடற்கரையில் கல்சுவர் என்றால் தண்ணீரைத் தடுப்பதற்கு. எனக்கு அது ஒன்றுதான் தெரியும். ஒன்றுவிட்டு ஒரு கல் பிடுங்கிய சுவரும், கடப்பாரையோடு வீட்டுக்காரரும் கண்ணுக்கு முன்னால். ஹாஸ்டல் கட்ட இடம் வேண்டும், நம்மைக் காலி செய்யச் சொல்ல வாய் வரவில்லை, தண்ணீரை விட்டு விரட்டப் பார்க்கிறார். மூன்று நிமிடத்தில் மனதுக்குள் வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

அவர் வீட்டுக்குப் போகும் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு ஏழாம் வீட்டுச் சேவியரைப் போய் எழுப்பினேன். கன்னியாகுமரிக் கடற்கரைப் பிள்ளை, டயர் கம்பெனியில் ஆபரேட்டர், இரண்டாம் ஷிப்ட். அவனுக்கும் ஏரியைத் தெரியாது, கடலைத்தான் தெரியும். வந்து பார்த்தான்.

"எண்ணே, இது வேணும்னே இளக்கி விட்டதாக்கும். நம்மள வீட்ட விட்டுக் கெளப்பதுக்கு உள்ள ஏற்பாடு."

ஒரு கடற்கரைக்காரன் சொன்னதை இன்னொரு கடற்கரைக்காரன் ஆமோதித்தால் அது சாட்சி ஆகிவிடுமா? அன்று எனக்கு ஆகிவிட்டது. அவனுடைய வண்டியில் இரண்டிரண்டு மூட்டையாகப் பதினொரு நடை கொண்டுபோனோம். மழைக்கு எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வோர் இடைவெளியிலும் மூட்டையை இறக்கி, ஒன்றோடொன்று சேர்த்துக் கல்லோடு கட்டினோம். அதே முடிச்சு. கால்வாய்த் தண்ணீர் கண்ணுக்கு முன்னாலேயே வற்றி, ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கியது. சேவியர் என் முதுகில் தட்டினான். எட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டுக்கு வந்து அம்மா போட்ட இஞ்சித் தேநீரைக் குடித்தேன். எங்கே போனீர்கள் என்று கேட்டாள். சும்மா என்றேன்.

5

தண்ணீரை முதலில் பார்த்தது தர்சினி. பகல் பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். சமையலறையில் இருந்து கூப்பிட்டாள். "அப்பா, பின்னாடிலருந்து வருது."

நான் கிழக்கு வாசலைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மேற்கே, ஏரி இருக்கும் பக்கத்திலிருந்து, பாத்திரம் கழுவும் சாக்கடை வழியாக வந்தது. குமிழி விட்டுக்கொண்டு, சத்தமில்லாமல். அரை மணி நேரத்தில் கணுக்கால், அடுத்த அரை மணியில் முழங்கால். பின் ஜன்னலைத் திறந்தால் ஏரி நம் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் முந்தின நாள் ஆடு மேய்ந்தது.

அமலாக்கா வாசலில் நின்று கத்தினார். "சிலோன் அண்ணே, உங்க மூட்டைய எடுங்க, பின் கதவுல வைப்போம். மூட்டை எங்க?"

நீங்கள் இரண்டு பேரும் எனக்குப் பின்னால் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்ன பதில் உங்கள் காதில் விழுந்தது. "வரதண்ணன் காலமையே திருப்பி எடுத்துக்கொண்டு போயிட்டார்."

ஏன் சொன்னேன்? அந்த நேரம் அவர்தான் குற்றவாளி என்று நம்பினேன். குற்றவாளி மேல் இன்னொரு சின்னப் பொய்யைப் போட்டால் என்ன என்று நாக்கு நினைத்திருக்கும். மணலும் அவருடையதுதானே. கேட்டவர்கள் அப்படியே நம்பினார்கள்.

அதற்குள் வரதண்ணன் தண்ணீரில் இறங்கி வந்துவிட்டார். நான்காம் வீட்டுக் கைக்குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்த் தன் மாடியில் விட்டார். எட்டுக் குடித்தனத்தையும் மாடிக்கு வரச் சொன்னார். அவர் மனைவி அடுப்பை மேலே ஏற்றினார். கடைசி வீட்டுச் சாமான்களை எடுக்க உதவிக்கொண்டிருந்தபோதுதான் அவர் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கவனித்தார். முகம் மாறியது. "கலங்கல் ஓடலியா?" என்று கேட்டார், யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. கடப்பாரையையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

கலங்கல் என்றால் என்ன என்று அவர் மனைவியிடம் கேட்டேன். அவர் சாம்பாருக்குப் பருப்பு கழுவிக்கொண்டே சொன்னார். "ஏரி ரொம்பினா மிச்சத் தண்ணி வெளிய போறதுக்கு வுட்ட வழிபா அது. மழைக்கு முன்ன புல்லு, வலை எல்லாம் அடைச்சிக்கும். அவரு போய் வாரிப் போட்டுட்டு வருவாரு. அடைச்சிக்கினா தண்ணி நம்ம வூட்டுக்குத்தான் திரும்பும்."

சேவியர் சுவரோரம் நின்று என்னையே பார்த்தான். நான் படி இறங்கித் தெரு முனை வரைக்கும் போனேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அங்கேயே நின்றேன். போயிருக்க வேண்டும். போனால் முடிச்சை நான் அவிழ்ப்பேன், அவிழ்த்தால் என் கை என்று தெரிந்துவிடும், தெரிந்தால் அடுத்த வாரம் கடிதம் கிடைக்காது. இவ்வளவையும் அந்தத் தண்ணீரில் நின்று கணக்குப் போட்டேன். பிறகு திரும்பி மாடிக்கு வந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு வரதண்ணன் ஊர்க்காரர்கள் இரண்டு பேரோடு வந்தார். வலது கையில் துண்டு சுற்றியிருந்தது, துண்டு சிவந்திருந்தது. மூட்டையை அறுக்கும்போது அரிவாள் வழுக்கி விரலில் இறங்கிவிட்டது. தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது என்றார். எவனோ கலங்கலை மணல் மூட்டை வைத்து அடைத்திருக்கிறான் என்றார்.

அமலாக்காதான் கேட்டார். "மூட்டைய காலைல நீங்கதான எடுத்துட்டுப் போனீங்க?"

வரதண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற உங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். "சோறு ஆச்சா பாரு, பசங்கல்லாம் பசியோட கீறாங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

அந்த மௌனத்தை எல்லோரும் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள். சேவியர் ஒரு மாதத்தில் டயர் கம்பெனிக் குவார்ட்டர்ஸுக்கு மாறிப் போனான். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

6

மழை முடிந்து ஒரு வாரத்தில் நான் கடிதத்துக்குப் போய் நின்றேன். வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அவர் கையில் கட்டுப் போட்டிருந்தார். தாளை வாங்கி இடது கையால் எழுதினார். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி கோணல் மாணலாக வந்தது.

அலுவலகத்தில் அதைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம். அதற்கு முந்தின வருடக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இது வேறு கை என்றார்கள், யார் எழுதியது என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். வரதண்ணனுக்குப் போன் போட்டார்கள். வண்டி ஓட்ட முடியாததால் அவர் இரண்டு பஸ் மாறி வந்தார். கட்டுப் போட்ட விரலை மேசை மேல் நீட்டினார். "எழுதினது நான்தாங்க. மழையில அடிபட்டுப்போச்சி. இவரு என் வூட்லதான் கீறாரு."

திரும்பி வரும்போது ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம்.

நல்லவர் என்று அன்று நினைத்திருந்தால் நான் மனிதன். நான் அப்படி நினைக்கவில்லை. இவருக்கு எல்லாம் தெரிந்திருக்குமோ, தெரிந்துகொண்டே எதற்காகவோ பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாரோ, ஒருநாள் என் குடும்பத்தையே வெளியே போகச் சொல்வதற்கு இதை எடுப்பாரோ என்று ஒரு வருடம் அவர் முகத்தையே படித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் போட வந்தாலும் சந்தேகம், போகும்போது பெருமூச்சு. இதற்குள் மூன்று குடும்பங்கள் அவரைத் திட்டிவிட்டுக் காலி செய்துகொண்டு போயின. ஹாஸ்டல் பேச்சும் நின்றுபோனது. வாசலில் அந்த மணல் குவியலில் புல் முளைத்தது. நீங்கள் பட்டப்பெயர் வைத்தீர்கள்.

அம்மாவுக்கு அந்த வாரமே தெரியும். மழை நாளில் நான் போட்டிருந்த சட்டைப்பையில் எம்-சாண்டும் ஏரிப் புல்லும் சேர்ந்து இருந்ததாம், துவைக்கும்போது பார்த்திருக்கிறாள். "பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்லவேணும், நான் சொன்னால் சரிவராது" என்று அப்போதே சொன்னாள். நான் நாள் தள்ளினேன்.

போன ஞாயிறு குழாயடியில் நீங்கள் சிரித்தீர்கள் அல்லவா, மறுநாள் வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். இந்த வருடக் கடிதத்துக்கான தாளும் கையில் இருந்தது. தாளை நீட்டுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

"அண்ணை, கலங்கலை அடைச்சது நான். மூட்டையை நீங்கள் எடுத்தீங்கள் எண்டு சொன்னதும் நான்தான்."

அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியும்பா. என் மணலு, என் கோணி, ஆனா அந்த முடிச்சு எங்க ஊர்ல எவனும் போட மாட்டான். அவுக்கப் பாத்தேன், வரல. அதான் அறுத்தேன்."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னிக்கு உன் பசங்க நின்னுகினு இருந்தாங்க. அதுங்க முன்ன வச்சி இன்னா சொல்றது? சரி, நீயே வந்து சொல்லுவன்னு பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன், தீபாவளி வரைக்கும் பாத்தேன். அப்புறம் எனக்கே உன் மேல டவுட்டு வந்துடுச்சி. தெரியாம அடைச்சானா, தெரிஞ்சே அடைச்சானான்னு."

நான் அவரை வேவு பார்த்த ஒரு வருடம் அவரும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரே தெருவில் இரண்டு சந்தேகக்காரர்கள்.

தெரியாமல்தான் செய்தேன், சுவர் உடைந்துவிட்டது என்று நினைத்தேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, ஆனால் வரவில்லை. தாளை வாங்கிப் பார்த்தார், திருப்பி என் கையிலேயே கொடுத்தார்.

"கையெழுத்து ஓடிப் போவாது. மொதல்ல லைன்ல எல்லாராண்டயும் சொல்லு. காலி பண்ணிட்டுப் போனவங்களுக்கு போன் போடு. கடைசியா உன் பசங்களாண்ட சொல்லு. அப்புறம் வா."

7

அமலாக்காவிடம் முதலில் சொன்னேன். அவர் தையல் மெஷின் அந்தத் தண்ணீரில்தான் போனது. கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மற்ற வீடுகளிலும் சொல்லியாகிவிட்டது. ஒருவர், பரவாயில்லை விடுங்க என்றார், அவர் கண்ணில் பரவாயில்லை என்று இல்லை. காலி செய்துகொண்டு போன மூன்று குடும்பங்களில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் பாதியில் போனை வைத்துவிட்டார். சேவியருக்கும் போன் போட்டேன். "நானும் கூட உண்டும்ணு சொல்லுங்கண்ணே" என்றான். ஞாயிற்றுக்கிழமை தானே வருகிறானாம்.

இந்த வாரம் மறுபடியும் அதே செய்தி போனில் வந்திருக்கிறது. எங்கோ கரையைக் கடந்துவிட்டது, வலுவிழந்து உள்நாட்டுக்கு நகர்கிறது. நேற்றுக் காலை, மழை தொடங்குவதற்கு முன்னால், வரதண்ணன் நம் கதவைத் தட்டினார். "வா, கலங்கல்ல புல்லு மண்டிக் கீது" என்றார். போனேன். அவர் கடப்பாரையை இடது கையில்தான் பிடிக்கிறார், அதனால் நெம்பல் சரியாக விழவில்லை. வாங்கி நான் நெம்பினேன். எதை எடுக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று ஒவ்வோர் இடைவெளியாகக் காட்டிக்கொண்டு வந்தார். என் கையையும் கவனித்துக்கொண்டே இருந்தார். கையெழுத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. மத்தியானம் மழை கொட்டியபோது கால்வாய் நிறைய ஓடியது. நான் மட்டும் இரண்டு தரம் போய்ப் பின் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். அந்தக் குணம் என்னைவிட்டுப் போகாது.

இதையெல்லாம் வாயால் சொல்லியிருக்கலாம். என் பேச்சை நீங்கள் பாதியில் திருத்துவீர்கள், நான் அதைச் சாக்காக வைத்து நிறுத்திவிடுவேன் என்ற பயத்தில்தான் எழுதினேன். அமலாக்கா கேட்டபோது நான் சொன்ன பொய்யை நீங்கள் என் வாயால் கேட்டீர்கள். அதை எடுத்துக்கொண்டுதான் அந்தப் பெயரைக் கட்டினீர்கள். அதனால் பெயர் வைத்தது நீங்கள் இல்லை, நான்தான்.

அலுவலகத்துக்குப் போக இன்னும் நான்கு நாள் இருக்கிறது. தாள் பரண் மேல் வாளிக்குள் இல்லை, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வெளியே வைத்திருக்கிறேன். அவர் கையெழுத்துப் போடுவார் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒரு வருட நஷ்டமும் ஒரு விரலும் அவருடையது. போடாவிட்டால் அவர் பக்கம் நியாயம் உண்டு, நாம் சாமான் கட்ட வேண்டியிருக்கும். அப்படி வந்தால் அவர் மேல் கோபப்படாதீர்கள்.

படித்து முடித்ததும் அந்தத் தாளை நீங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டு போங்கள். நான் கூட வரவில்லை. நான் வந்தால் நான் சொல்லிக்கொடுத்துச் சொல்கிறீர்கள் என்று அவருக்குச் சந்தேகம் வரும், வருவது சரிதான். அப்பா எங்களிடம் சொல்லிவிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள். அவர் சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் இருப்பார். தூரத்திலிருந்தே கூப்பிடுங்கள். அவர் பெயர் வரதன்.